குர்பானி இறைச்சி யாருக்கு?

இஸ்லாமியச் சட்ட நூல்களில் பிராணியை அறுத்துப் பலியிடுவது ஒரே பாடத்தில் அடங்கிவிடுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் ஊரில் இருப்பவர்கள் கொடுக்கும் உழ்ஹிய்யாவுக்கு, அதாவது குர்பானிக்கு, தனிப் பாடம் உண்டு. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் மக்காவின் புனித எல்லையான ஹரமுக்குள் அறுக்கும் ஹத்யு, ஹஜ்ஜின் விதியை மீறியதற்காகச் செலுத்தும் பரிகாரப் பலி, குழந்தை பிறந்த ஏழாம் நாளில் கொடுக்கும் அகீகா, நேர்ந்துகொண்டு கொடுக்கும் நேர்ச்சைப் பலி என்று வகைகள் விரிகின்றன. எந்தப் பிராணி, எத்தனை வயது, எந்த நாள், எந்த இடம், கட்டாயமா விருப்பமா என்று ஒவ்வொன்றுக்கும் விதிகள் உண்டு. எந்தத் தருணத்தில் கொடுக்கப்படுகிறது என்பதை வைத்தே இவற்றைப் பிரித்துக் காட்டுவது வழக்கம். அது தவறில்லை, ஆனால் இந்தச் சட்டங்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அது போதாது. அறுத்த பிராணியின் இறைச்சியை யார் உண்ணலாம், யார் உண்ணக் கூடாது என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு படித்தால்தான் இந்த வகைகளுக்கு இடையே ஓடும் ஒழுங்கு புலப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில் பலி என்ற பழைய வழக்கத்தை இஸ்லாம் கைவிடவில்லை. இரத்தத்தைப் பெறுபவர் யார் என்பதில் இருந்த அதன் கவனத்தை, இறைச்சியைப் பெறுபவர் யார் என்பதை நோக்கித் திருப்பியது. அந்தத் திருப்பம்தான் பின்வந்த சட்டங்களின் முதுகெலும்பு என்பது என் வாதம்.

இஸ்லாத்துக்கு முந்தைய அரபுகளிடம் பலி பல வடிவங்களில் இருந்தது. மக்காவின் குறைஷியர் ஸம்ஸம் கிணற்றருகே இருந்த இசாஃப், நாயிலா என்ற இரு சிலைகளின் முன் பிராணிகளை அறுத்தார்கள். நட்டு வைத்த கற்களின் மீதும் அறுத்தார்கள். அப்படி அறுக்கப்பட்டதைக் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் விலக்குகிறது. பலியின் இரத்தத்தைக் கஅபாவில் தெளிக்கும் வழக்கமும் இருந்ததாகப் பழைய விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒட்டகத்தின் முதல் ஈற்றுக் கன்றைச் சிலைகளுக்கு அறுப்பது ஃபரஉ. ரஜப் மாதத்தில் அறுப்பது அதீரா. காதைக் கிழித்து விட்ட பெண் ஒட்டகத்தின் பாலை மனிதர் தொடலாகாது என்றும், நேர்ந்துவிட்ட ஒட்டகத்தின் முதுகில் சுமை ஏற்றலாகாது என்றும் விதித்திருந்தார்கள். சில கால்நடைகளின் வயிற்றில் இருப்பது ஆண்களுக்கு மட்டும் உரியது, பெண்களுக்கு விலக்கு, செத்துப் பிறந்தால் மட்டும் எல்லோருக்கும் பங்கு என்ற வழக்கத்தை ஆறாம் அத்தியாயம் சுட்டிக் கண்டிக்கிறது. இறந்தவரின் ஒட்டகத்தை அவருடைய கல்லறையருகே கட்டி, தீனியும் தண்ணீரும் இல்லாமல் சாகவிடும் வழக்கமும் இருந்தது. மறுமையில் அவர் அதன் மீது ஏறி வருவார் என்பது நம்பிக்கை. அந்த ஒட்டகத்தால் ஒரு வயிறும் நிறைந்ததில்லை.

ஆனால் அந்தக் காலம் ஊட்டுவதையே அறியாத காலம் என்று சொல்லிவிட்டால் அது அநீதி. நபிகள் நாயகத்தின் பாட்டனார் அப்துல் முத்தலிப் தம் மகன் அப்துல்லாஹ்வைப் பலியிட நேர்ந்திருந்தார். ஹுபல் சிலையின் முன் அம்பு எறிந்து குறி பார்த்து, மகனுக்கு ஈடாக 100 ஒட்டகங்களை அறுத்தார். வந்தவர் யாரையும் தடுக்காமல் அந்த இறைச்சி விடப்பட்டது என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு சொல்கிறது. அம்பெறிந்து ஒட்டக இறைச்சிக்குச் சூதாடி, வென்ற பங்கை ஏழைகளுக்கு விட்டுக்கொடுப்பதைப் பாலைவனத் தலைவர்கள் பெருமையாகக் கருதினார்கள். ஆக ஈகை இருந்தது. அது கொடுப்பவரின் புகழைச் சார்ந்தும், குலத்தின் கௌரவத்தைச் சார்ந்தும் நின்றது. பசித்தவருக்கு அதில் உரிமை என்று ஒன்று இல்லை. இஸ்லாம் கொண்டுவந்த மாற்றத்தை அளப்பதற்கு இந்த வேறுபாடுதான் சரியான அளவுகோல்.

அந்த மாற்றத்தின் அடிப்படை குர்ஆனின் 22ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பலியின் இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சென்றடைவதில்லை, மனிதரின் இறையச்சமே சென்றடைகிறது என்று அது அறிவிக்கிறது. அதற்கு முந்தைய வசனம், அதிலிருந்து நீங்களும் உண்ணுங்கள், கேட்காமல் இருக்கும் ஏழைக்கும் கேட்டு வரும் ஏழைக்கும் ஊட்டுங்கள் என்ற பொருளில் கட்டளையிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறைவனுக்கு இறைச்சி தேவையில்லை என்றால் அந்த இறைச்சி எங்கே போக வேண்டும் என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடையும் அங்கேயே தரப்படுகிறது. நபிமொழிகளைத் திரட்டிய ஹதீஸ் தொகுப்புகளும் இதே திசையைக் காட்டுகின்றன. ஃபரஉ, அதீரா இரண்டும் இனி இல்லை என்று ஒரு அறிவிப்பு. அபூதாவூதின் தொகுப்பில் உள்ள இன்னொரு அறிவிப்பு இன்னும் நுட்பமானது. முதல் கன்றைப் பிறந்த சூட்டோடு அறுத்தால் தோலோடு ஒட்டிய இறைச்சிதான் மிஞ்சும், தாய் ஒட்டகமும் தவிக்கும், பால் பாத்திரமும் கவிழும். அது வளரும் வரை விட்டு ஒரு விதவைக்குக் கொடுப்பது மேல் என்று அது அறிவுறுத்துகிறது. சிலைக்குப் போன கன்று விதவையின் வாசலுக்கு வருகிறது. ரஜப் மாதப் பலியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, எந்த மாதமானாலும் இறைவனுக்காக அறுங்கள், ஊட்டுங்கள் என்ற விடை கிடைத்ததாகவும் ஒரு அறிவிப்பு உண்டு.

அகீகாவில் இந்த மாற்றம் இன்னும் தெளிவு. ஆண் குழந்தை பிறந்தால் ஆட்டை அறுத்து அதன் இரத்தத்தைக் குழந்தையின் தலையில் பூசுவது பழைய வழக்கம் என்றும், இஸ்லாம் வந்தபின் ஆட்டை அறுத்து, தலைமுடியை மழித்து, குங்குமப்பூவைப் பூசினோம் என்றும் புரைதா என்ற நபித்தோழர் அறிவித்திருக்கிறார். இரத்தம் பூசுவதை ஆதரிப்பது போன்ற ஓர் அறிவிப்பும் இருக்கிறதே என்று கேட்கலாம். அதைப் பதிவுசெய்த அபூதாவூதே அறிவிப்பாளர் ஒருவரின் பிழை என்று அதை ஒதுக்கினார். பெரும்பாலான சட்ட அறிஞர்கள் இரத்தம் பூசுவதை வெறுக்கத்தக்கது என்றார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் பேசிய விவரங்கள் முழுவதும் உணவைப் பற்றியவை. ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஒன்று என்பது பரவலான கருத்து. இமாம் மாலிக் இருவருக்கும் ஒன்றே என்றார். ஷாஃபிஈ சட்டப் பள்ளியின் (மத்ஹபின்) நூல்கள் இறைச்சியைச் சமைத்துக் கொடுப்பது நல்லது என்றும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு ஒரு காலை அனுப்ப வேண்டும் என்றும் சொல்கின்றன. குழந்தையின் தலையில் இருந்த இரத்தம் போய், அது பிறக்கக் கைகொடுத்தவளின் அடுப்புக்கு இறைச்சி போகிறது.

பெருநாளில் கொடுக்கும் உழ்ஹிய்யாவில் இந்த ஒழுங்கு முழு வடிவம் பெறுகிறது. கொடுப்பவர் உண்ணலாம், உற்றாருக்குக் கொடுக்கலாம், ஏழைக்குத் தர வேண்டும். மூன்று பங்காகப் பிரிப்பது நல்லது என்பது பரவலான கருத்து. சிறிதளவாவது பச்சை இறைச்சியாக ஏழையின் கையில் போய்ச் சேருவது கட்டாயம் என்பது ஷாஃபிஈ சட்டம். ஓர் ஆண்டு பஞ்சத்தில் அடிபட்ட நாடோடிகள் மதீனாவுக்கு வந்தபோது, மூன்று நாளுக்கு மேல் இறைச்சியைச் சேமிக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு மக்கள் கேட்டபோது, வந்தவர்களுக்காகவே தடுத்தேன், இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தருமம் செய்யுங்கள் என்று அந்தத் தடையை எடுத்தார்கள். நபிகளின் மனைவி ஆயிஷா அறிவிக்கும் இந்தச் செய்தியில் விதியும் அதன் காரணமும் சேர்ந்தே வருகின்றன. ஊரில் பசி இருந்தால் சேமிப்பு சுருங்குகிறது, பசி தீர்ந்தால் விரிகிறது. கொடுப்பவரின் நிலையும் கணக்கில் எடுக்கப்பட்டது. ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் ஓர் ஒட்டகம் ஏழு பேருக்கு, ஒரு மாடு ஏழு பேருக்கு என்று பகிர்ந்து அறுத்ததை நபித்தோழர் ஜாபிர் அறிவிக்கிறார். ஒரு மாட்டில் ஏழு பேர் கூட்டுச் சேரும் இன்றைய வழக்கத்துக்கு அதுவே அடிப்படை.

ஹஜ்ஜில் வரும் பலிகளைப் பார்க்கும்போதுதான் யார் உண்பது என்ற கேள்வி வகைகளையே பிரிக்கும் கோடாக நிற்கிறது. ஒரே பயணத்தில் உம்ரா என்ற சிறு யாத்திரையையும் ஹஜ்ஜையும் சேர்த்துச் செய்பவர் ஹத்யு கொடுக்க வேண்டும். முடியாதவர் ஹஜ்ஜில் மூன்று நாளும் ஊர் திரும்பி ஏழு நாளும் நோன்பு வைக்க வேண்டும். இஹ்ராம் என்ற புனித நிலையில் இருக்கும்போது வேட்டையாடியவருக்குரிய பரிகாரங்களில் ஒன்று, அதற்கு ஈடான கால்நடையைப் பலியாகக் கொடுப்பது. தலையில் பேன் தொல்லையால் முடியை மழிக்க நேர்ந்த கஅப் இப்னு உஜ்ராவுக்கு மூன்று நாள் நோன்பு, ஆறு ஏழைகளுக்கு உணவு, ஓர் ஆடு என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வழி காட்டப்பட்டது. இவற்றில் வேட்டைக்கும் முடி மழித்ததற்கும் செலுத்தும் பரிகாரத்தைச் செலுத்தியவர் உண்ணக் கூடாது; அது ஏழைகளுக்கே உரியது. உம்ராவையும் ஹஜ்ஜையும் சேர்த்ததற்கான ஹத்யைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அது நன்றிப் பலி, ஆகவே கொடுத்தவர் உண்ணலாம் என்றனர் ஹனஃபி மத்ஹபினர். ஹிஜ்ரி 10இல் (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜில் நபிகள் நாயகம் 100 ஒட்டகங்களில் 63ஐத் தம் கையால் அறுத்து, மீதியைத் தம் மருமகன் அலீயிடம் ஒப்படைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை ஒரே பானையில் போட்டுச் சமைக்கச் செய்து உண்டதை அவர்கள் சான்றாகக் காட்டினர். குறையை ஈடுசெய்யும் பலி அது, ஆகவே உண்ணலாகாது என்றனர் ஷாஃபிஈகள். இந்த விவாதத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பலி நன்றியா பரிகாரமா என்று தீர்மானித்த உடனே, சட்ட அறிஞர் தீர்க்க வேண்டியிருந்தது அந்த இறைச்சி யார் வாய்க்குப் போகலாம் என்பதைத்தான். நன்றியில் கொடுத்தவரும் பந்தியில் அமர்கிறார். பரிகாரத்தில் அவர் எழுந்து நிற்கிறார். நேர்ச்சையிலும் இதே ஒழுங்கு: நேர்ந்து கடமையாக்கிக்கொண்ட பலியைக் கொடுத்தவர் உண்ணக் கூடாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலை.

இதற்கு இன்னும் கூர்மையான ஒரு சான்று உண்டு. மக்காவுக்கு ஓட்டிச் செல்லும் பலி ஒட்டகம் வழியிலேயே நடக்க முடியாமல் விழுந்தால் என்ன செய்வது? அதை அங்கேயே அறுத்து, அதன் கழுத்தில் அடையாளமாகத் தொங்கும் செருப்பை இரத்தத்தில் தோய்த்து அதன் மேல் பதித்து, பின்னால் வரும் மக்களுக்கு விட்டுவிட வேண்டும். ஓட்டிச் சென்றவரும் அவருடைய பயணக் கூட்டத்தாரும் அதில் உண்ணலாகாது. பசிக்காக, ஒட்டகம் விழுந்துவிட்டதாகச் சொல்லி அதை அறுத்துவிடும் வழியை அடைக்கவே இந்த விதி என்று அறிஞர்கள் விளக்கினார்கள். இரத்தம் இங்கேயும் வருகிறது. இங்கே அது வழிப்போக்கருக்கு இந்த இறைச்சி உங்களுடையது என்று சொல்லும் அடையாளம்.

இந்த வாதத்துக்கு மிக வலுவான மறுப்பு ஒன்று ஹதீஸிலேயே இருக்கிறது. அபூபுர்தா இப்னு நியார் என்ற தோழர் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஆட்டை அறுத்துத் தம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஊட்டினார். அது வெறும் இறைச்சி ஆடுதான், பலியாகாது என்று நபிகள் நாயகம் சொல்லிவிட்டார்கள். வேறொன்றை அறுக்க வேண்டியதாயிற்று. ஊட்டுவதுதான் மையம் என்றால் அவர் ஊட்டியது ஏன் போதவில்லை? இந்தக் கேள்வியைச் சுற்றிப் போக முடியாது. பலி ஒரு வணக்கம். அதற்குக் காலமும் எண்ணமும் உண்டு என்பதே நேரான விடை. ஆனால் அந்தக் காலம் எப்படி அமைக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஊரார் ஒன்றுகூடித் தொழுத பிறகே கத்தி எடுக்கப்படுகிறது. பெருநாளிலும் அடுத்த மூன்று நாட்களிலும் பொதுவாக நோன்பு நோற்கக் கூடாது. அந்த மூன்றும் உண்ணும் பருகும் நாட்கள் என்றே அறிவிக்கப்பட்டன. மூன்று மத்ஹபுகள் பலியை மூன்று நாட்களுக்குள்ளும் ஷாஃபிஈ மத்ஹபு நான்கு நாட்களுக்குள்ளும் வரையறுத்தன. ஒருவர் முந்திக்கொண்டு தம் வீட்டில் ஊட்டுவது ஈகை. ஊர் முழுவதும் ஒரே நாளில் உண்ணும்படி இறைச்சியைக் கொண்டுவருவது பலி. காலத்தின் விதி என் வாதத்தை முறிப்பதைவிட அதற்கு வடிவம் கொடுக்கிறது. ஒற்றைக்கண், வெளிப்படையான நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய நான்கு குறைகள் கொண்ட பிராணி செல்லாது என்ற விதியும் அப்படியே. வணக்கத்துக்குச் சிறந்ததைக் கொடு என்பது அதன் முகம். வீட்டுக்கு உதவாததை ஏழையின் தலையில் கட்டாதே என்பது அதன் பயன்.

ஊட்டுவது மட்டும் போதாது என்பதற்கு வரலாறு இன்னொரு பாடமும் தருகிறது. அலீயின் ஆட்சிக் காலத்தில் கூஃபாவில், கவிஞர் ஃபரஸ்தக்கின் தந்தை காலிபும் சுஹைம் என்பவரும் போட்டி போட்டுக்கொண்டு ஒட்டகங்களை அறுத்து மக்களுக்கு விட்டார்கள். மக்கள் பாத்திரங்களோடு திரண்டனர். அதை உண்ணாதீர்கள், அது இறைவனுக்காக அறுக்கப்படவில்லை என்று அலீ தடுத்தார். பசித்தவருக்கு இறைச்சி கிடைக்கத்தான் செய்தது. ஆனால் அது ஒருவரை ஒருவர் மிஞ்சும் புகழ் வேட்டையின் மிச்சமாகக் கிடைத்தது. பெறுபவரின் உரிமையாக வர வேண்டியது, கொடுப்பவரின் பகட்டுக்குச் சாட்சியாக மாறக் கூடாது என்பதே அந்தத் தடையின் நீதி. விலையுயர்ந்த கிடாயை அலங்கரித்து வீதியில் ஊர்வலம் விடும் இன்றைய ஆசைக்கும் இந்தப் பழைய தீர்ப்பு நேராகவே பொருந்துகிறது.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. இது இன்று எழுந்த கேள்வி என்று நினைப்பவர்கள் முதல் தலைமுறையைப் பார்க்க வேண்டும். பலியின் விலையை ஓர் அநாதைக்குக் கொடுப்பது எனக்கு அதைவிட விருப்பம் என்ற கருத்து நபித்தோழர் பிலாலின் பெயரால் பதிவாகியிருக்கிறது. முதல் இரு கலீஃபாக்களான அபூபக்கரும் உமரும் சில ஆண்டுகளில் உழ்ஹிய்யா கொடுக்காமல் இருந்தார்கள். மக்கள் அதைக் கட்டாயம் என்று எண்ணிவிடக் கூடாது என்பது அவர்களுடைய அக்கறை. வசதியுள்ள உள்ளூர்வாசிக்கு அது கடமை என்றார் இமாம் அபூஹனீஃபா. பெரும்பான்மை அறிஞர்களோ அது கடமையல்ல, வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி) என்றார்கள். தமிழகத்திலும் இரண்டும் அருகருகே வாழ்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி வழியும் நிலைத்திருப்பதால், ஒரே பெருநாள் ஒருவருக்குக் கடமையாகவும் மற்றவருக்குச் சுன்னத்தாகவும் வருகிறது. ஆனால் இரு தரப்பும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன: பெருநாள் நாட்களில் பலிக்குப் பணம் ஈடாகாது. ஜகாத்தும் ஸதகாவும் ஆண்டு முழுவதும் ஏழைக்குப் பணம் கொடுக்கும் வழிகள். பலி தரும் உணவில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஆட்டின் இறைச்சியை ஒரே நாளில் உண்கிறார்கள். பணம் இந்தச் சமத்துவத்தைத் தருவதில்லை. அதே நேரம், கொடுப்பதே கொடுமையாகும் காலத்தில் நிறுத்திவைக்கவும் மரபில் இடம் இருக்கிறது. வறட்சியால் மந்தைகள் குறைந்தபோது, மொராக்கோ மன்னர்கள் 1996இலும் 2025இலும் மக்களைப் பலியிலிருந்து விலகியிருக்கக் கேட்டுக்கொண்டார்கள். மாலிகி மரபில் அது சுன்னத் என்பதால் இதற்கு வழி இருந்தது.

இறைச்சியைத் தாண்டி மற்ற உறுப்புகளுக்கும் இதே சட்டம் நீள்கிறது. இறுதி ஹஜ்ஜில் ஒட்டகங்களின் இறைச்சி, தோல், மேலே போர்த்திய துணி எல்லாவற்றையும் பங்கிடும்படியும், அறுத்து உரித்தவருக்கு அவற்றிலிருந்து கூலி கொடுக்கக் கூடாதென்றும் அலீக்கு உத்தரவு வந்தது. கூலியை அவர்கள் தம் கையிலிருந்தே கொடுத்தார்கள். உழைத்தவருக்குக் கூலி உண்டு, ஆனால் அதை ஏழையின் பங்கிலிருந்து எடுக்கக் கூடாது. தோலைத் தான் பயன்படுத்தலாம், விற்றால் அந்தப் பணம் தருமத்துக்குப் போக வேண்டும் என்ற ஹனஃபி விதி இதன் நீட்சி. தமிழகத்தில் குர்பானித் தோல் மதரஸாக்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் போய்ச் சேர்வது இந்த விதியின் பலன்தான்.

இந்தச் சட்டங்களுக்குக் கடுமையான சோதனை 20ஆம் நூற்றாண்டில், ஹஜ்ஜின் பலிகள் அறுக்கப்படும் மினாவில் வந்தது. நீராவிக் கப்பலும் விமானமும் ஹாஜிகளின் எண்ணிக்கையைப் பெருக்கின. சில நாட்களுக்குள், ஒரு சிறு பள்ளத்தாக்கில், லட்சக்கணக்கான பிராணிகள் அறுக்கப்பட்டன. உண்ண ஆள் இல்லாமல் இறைச்சி வெயிலில் கெட்டது. புதைக்க வேண்டி வந்தது. விதியின் எழுத்து நிறைவேறியது, அதன் உயிர் மண்ணுக்குள் போனது. பலியையே கைவிடலாமா என்ற கேள்வி எழுந்தபோது, குறை ஏற்பாட்டில்தான் இருக்கிறது, விதியில் இல்லை என்று அறிஞர்கள் விடை சொன்னார்கள். அந்த விடையைச் செயலாக்கியது 1983இல் தொடங்கிய சவூதித் திட்டம். இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் நிர்வாகத்தில், ஹாஜிகள் சீட்டு வாங்கினால் அவர்கள் பெயரில் பிராணி அறுக்கப்பட்டு, இறைச்சி உறைய வைக்கப்பட்டு, ஹரம் எல்லை ஏழைகளுக்குப் போக மீதி பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. ஹரமின் பங்கு ஹரமின் ஏழைகளுக்கே என்ற கண்டிப்பான கருத்து இதற்குக் குறுக்கே நின்றது. ஆனால் ஹத்யின் இறைச்சியை வெளியே கொடுக்கலாம் என்ற கருத்து ஹனஃபி நூல்களில் ஏற்கெனவே இருந்தது. நபித்தோழர்கள் பலி இறைச்சியை மதீனாவுக்கு எடுத்துச் சென்ற செய்தியும் இருந்தது. பழைய சட்ட விவாதத்தின் ஒரு கிளைதான் புதிய குளிர்பதனக் கிடங்குக்குக் கதவைத் திறந்தது.

பலியை உணவுத் திட்டமாகச் சுருக்கிவிடுவதாக நம்பிக்கையாளர் சிலர் இதைக் குறை சொல்லலாம். அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. இறைவனின் பெயரைச் சொல்லி அறுப்பது, எண்ணம், காலம், இடம் எல்லாம் வணக்கத்தின் உறுப்புகளாகவே நிற்கின்றன. ஆனால் அந்த வணக்கத்தை நம்பிக்கையாளரின் மனத்துக்குள் மட்டும் அடைத்துவைக்கச் சட்டம் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. இறையச்சத்தை அளக்க யாராலும் முடியாது. இறைச்சி எங்கே போனது என்பதை அளக்க முடியும். அதனால்தான் நீதிபதியும் முஃப்தியும் அதன் மீது விதிகளை எழுதினார்கள். இந்த வரலாற்றை ஏற்பவர் இன்று சில கடமைகளையும் ஏற்க வேண்டியிருக்கும். நல்ல பங்கை வீட்டுக் குளிர்பெட்டியில் நிரப்பிவிட்டு எலும்பையும் கொழுப்பையும் வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பது, சட்டத்தின் ஏதோ ஒரு வரியில் தப்பிக்கலாம். பஞ்சத்தில் வந்த நாடோடிகளுக்காக ஊரின் சேமிப்பையே தடுத்த அந்த ஆண்டின் முன் அது தப்பாது. ஓர் ஊரின் ஜமாஅத், இந்த ஆண்டு எத்தனை பிராணிகள் அறுக்கப்பட்டன என்று எண்ணுவதை நிறுத்தி, இறைச்சி போய்ச் சேராத வீடுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், பதினான்கு நூற்றாண்டுகளாக இந்தச் சட்டங்கள் கேட்டுவரும் கேள்விக்கு அது சொல்லும் நேர்மையான விடையாக இருக்கும்.